வெறும் வண்டி

நெல்லிக்குப்பம் சாலையில் என் மேடை.
அறுபது டன் தாங்கும்.
கரும்பு, முந்திரிக்கொட்டை, யாருடையதென்று கேட்கக் கூடாத மணல்,
எல்லாம் ஏறும், இறங்கும்.
மொத்த எடை. வெறும் வண்டி. நிகர எடை.
மூன்று வரி ரசீது, எழுபது ரூபாய்.
பதினோரு வருடமாக இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்
கழித்தல் கணக்குதான் எனக்கு வேலை.

என்னைத்தான் கழிக்க முடியவில்லை.

வண்டி வராத ஒரு மத்தியானம்
நானே ஏறி நின்று பார்த்தேன்.
பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
வீட்டு மெஷின் சொன்ன எழுபத்தெட்டை
எண்பது என்றது.
ஊர்வாயும் அப்படித்தான், முழுசாக்கித்தான் சொல்லும்.

"வாயக் கட்டு அஞ்சலாட்சி" என்றாள் நாத்தனார் செந்தாமரை.
கட்டினேன்.
கொள்ளு, கேழ்வரகுக் கூழ், ராத்திரிக்கு ஒரு கொய்யா.
வலைக்காரர்கள் மட்டும் விழித்திருக்கும் நேரத்தில்
தேவனாம்பட்டினம் மணலில் கால் புதையப் புதைய நடந்தேன்.
நாற்பது நாள்.
அரைக் கிலோ ஏறியிருந்தது.
"ராத்திரி எழுந்து தின்னுருப்ப."
அதற்குப் பிறகு எனக்கே என்மேல் சந்தேகம்.
டப்பாவில் முறுக்கை எண்ணிவைத்துப் படுத்தேன்.
காலையில் பதினேழும் இருந்தன.

கத்திரி வெயிலில் கடலூரே வெந்தபோது
எனக்குக் குளிர்ந்தது. ஃபேனை அணைத்ததற்குச் சண்டை.
குதிகால் வெடித்தது. சீப்போடு முடி சுருண்டு வந்தது.
தூரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து
பதினைந்து நாள் தங்கிவிட்டுப் போனது.
இதையெல்லாம் எடையோடு சேர்த்துப் பார்க்க
யாருக்கும் தோன்றவில்லை.
எனக்கும்தான்.

ஐப்பசி மழையில் கொளஞ்சிநாதன் லோடு ஏற்ற வந்தான்.
அவன் வெறும் வண்டி
போன வாரத்தைவிட நூற்றிநாற்பது கிலோ கூட.
முந்திரி முதலாளி குதித்தார்:
"கல்ல எங்கடா ஒளிச்சு வெச்சிருக்க?"
தார்ப்பாயை உதறினார்கள், சீட்டைத் தூக்கினார்கள்,
டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள்.
கும்பிட்ட கையோடு நனைந்துகொண்டு நின்றான்.

வண்டியை இறக்கச் சொன்னேன்.
மேடை காலி. திரையில்
நூற்றிநாற்பது.
மேலே ஒன்றுமே இல்லை. நூற்றிநாற்பது.

பையன் பள்ளத்துக்குள் இறங்கிச் சத்தம் போட்டான்:
ஒயர்கள் கூடும் சின்னப் பெட்டிக்குள் தண்ணீர்.
கையளவுப் பெட்டி அது. அது சொன்னதைத்தான்
இவ்வளவு பெரிய இரும்பும் கேட்டுக்கொண்டிருந்தது.
கொளஞ்சிநாதன் காறித் துப்பிவிட்டு டீக்கடைக்குப் போனான்.
யாரும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுநாள் மஞ்சக்குப்பம் லேபில் கையை நீட்டினேன்.
டி.எஸ்.ஹெச். இருபத்திரண்டு.
டாக்டர் ரெஹானா தொண்டையைத் தொட்டபடி
எச்சில் விழுங்கச் சொன்னார்.
"தைராய்டு தூங்குதும்மா. மூளை அதை எழுப்பக் கத்துது.
இந்த நம்பர் அந்தக் கத்தல்தான்."
இன்சுலினும் சரியில்லையாம்:
சர்க்கரை தட்டத் தட்ட செல் கதவைத் திறப்பதில்லை,
தட்டிக் களைத்தது இடுப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது.
"ராத்திரி எழுந்து நான் எதுவும் தின்னறதில்ல டாக்டர்."
அவர் அதைக் கேட்டிருக்கவே இல்லை.

ஐம்பது மைக்ரோகிராம். வெறும் வயிறு.
ஒரு மணி நேரத்துக்கு டீ கூடாது.
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் அறியாத மேடையில் இருப்பவள்
உள்ளங்கையில் அதை வைத்துக்கொண்டு
முதல் பஸ்ஸை விட்டேன்.

ஐந்து மாதம். இரண்டே கிலோ.
நடை இன்னும் உண்டு, கொள்ளும் உண்டு.
மேடை என்னை எண்பது என்றே சொல்கிறது.

நேற்று, பங்குனிப் புழுக்கம்.
நடுராத்திரி விழித்து இருட்டில் தடவி
ஃபேனைக் கூட்டினேன்.
"என்ன அங்க நடமாட்டம்?" செந்தாமரைதான், பக்கத்து அறையிலிருந்து.

வேர்க்குது என்றேன்.
எனக்கு வேர்க்குது, செந்தாமரை.